ஒரே ஏடிஸ் கொசுதானே, அப்புறம் ஏன் ஒரு ஊர் கொசு வைரஸை நல்லா பரப்புது, இன்னொரு ஊர் கொசு பரப்ப மாட்டேங்குது?

கொசு என்ன ஊசியா, இங்க குத்திட்டு அங்க குத்தினா ஒட்டிக்கிட்டு வர? ஒரு லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டா சேர்ற வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

குடிச்ச ரத்தத்துல இருக்கற வைரஸ் மொதல்ல கொசுவோட குடல் செல்லுக்குள்ள நுழையணும், அங்கருந்து தப்பிச்சு உடம்பு பூரா பரவணும், கடைசியா எச்சில் சுரப்பிக்குள்ள போய் சேரணும், டெங்குன்னா இதுக்கே 8-12 நாள் ஆயிடும். இந்த மூணு கேட்டுல எங்க வேணா வைரஸ் மாட்டிக்கலாம். கேட் எவ்ளோ டைட்டுங்கறது அந்த ஊர் கொசுவோட ஜீன், வந்த வைரஸோட ரகம், அடிக்கற வெயில், குடல்ல இருக்கற பாக்டீரியான்னு பலதையும் பொறுத்தது.

டெஸ்ட் பண்றதப் பாத்தா பாவமா இருக்கும். கொசுவை ஐஸ்ல மயங்க வச்சு, கால் றெக்கையெல்லாம் பிச்சு தனியா எடுத்துட்டு, ஊசி வாயை மட்டும் முடி மாதிரி மெல்லிசா இருக்கற கண்ணாடிக் குழாய்க்குள்ள சொருகி எச்சில் எடுப்போம். சில கொசுவுக்கு கால் வரைக்கும் வைரஸ் பரவியிருக்கும், எச்சில்ல ஒண்ணுமே இருக்காது, அந்த மாதிரி கொசு கடிச்சா அரிப்பு மட்டும்தான்.

ஏடிஸ் பரப்புற இன்னொரு வைரஸ் ஜிகா, அதை மொதல்ல கண்டுபிடிச்சதே உகாண்டாலதான், 1947ல. ஆனா 2020ல வந்த ஒரு ஆராய்ச்சில, ஆப்பிரிக்கால இருக்கற ஏடிஸ் எஜிப்திங்கற இனக் கொசுவை விட வெளிநாட்டுக்குப் போய் செட்டில் ஆன எஜிப்திக்குத்தான் ஜிகா ஈஸியா தொத்துதுன்னு தெரிஞ்சுது. பேரும் ஒண்ணு, இனமும் ஒண்ணு, பரப்புற திறமை மட்டும் வேற.

சில சமயம் கொசு அப்படியேதான் இருக்கும், வைரஸ் மாறிக்கும். 2005-06ல இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரீயூனியன் தீவுல சிக்குன்குனியா வந்தப்ப அங்க எஜிப்தி ரொம்பக் கம்மி, இருந்ததெல்லாம் ஏடிஸ்லயே இன்னொரு இனமான புலிக்கொசு, வைரஸோட மேல்புரதத்துல 226வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுச்சு, புலிக்கொசுவோட குடல் கேட் தொறந்துடுச்சு, தீவுல மூணுல ஒருத்தர் படுத்துட்டாங்க. 2006ல இந்தியாவுல பரவுன ரகத்துல அந்த மாத்தம் இல்ல, 2007ல கேரளால இருந்துச்சு, அங்க ரப்பர் தோட்டத்துல பால் புடிக்கற சிரட்டை பூரா மழைத்தண்ணி, அதுல புலிக்கொசுப் புழு.

ஆனா லேப் ரிசல்ட்டை மட்டும் வச்சு ஊரை எடை போட முடியாது. என்னைக் கேட்டா கொசுவோட ஆயுசுதான் பெரிய மேட்டர். எவ்ளோ திறமையான கொசுவா இருந்தாலும் ஏழாம் நாளே பல்லி வாயில போயிட்டா வைரஸ் எச்சிலுக்கே வந்திருக்காது, அதே சமயம் டெஸ்ட்ல சுமாரா வந்த கொசு ஆயிரக்கணக்குல இருந்து மனுஷனையே தேடிக் கடிச்சா தெருவையே படுக்க வச்சிடும். நாங்க சக்கரைத்தண்ணி குடுத்து ராணி மாதிரி வளர்த்ததுங்களுக்கு அந்தப் பல்லித் தொல்லையே கிடையாது.