எல்க் வேட்டைக்கு மூன்று கிலோ ரைஃபிள்: எடையை எங்கே குறைப்பது?

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் இலையுதிர் காலத்தில் கொலராடோ மலைகளில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறார்கள், அடுத்த முறை நானும் போகலாம் என்று இருக்கிறேன். அவர்களுடைய, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) நாலு கிலோ கனக்கிறது. பாகம் பாகமாக வாங்கி, துப்பாக்கி செய்து பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்து மூன்று கிலோவில் ஒன்று செய்ய ஆசை. டைட்டானியம் ஆக்‌ஷன் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்), கார்பன் ஃபைபர் சுற்றிய குழல், .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலுவான தோட்டா, 5-25x56 ஸ்கோப். பட்டியல் சரிதானே?

பதில்: எடையே அந்தக் கடைசி ஐட்டத்தில்தான் இருக்கிறது! 56 மில்லி லென்ஸ் போட்ட அந்த மாதிரி ஸ்கோப் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். 2.5-8x36 அளவில் (இரண்டரை முதல் எட்டு மடங்கு உருப்பெருக்கம், 36 மில்லி லென்ஸ்) லூபோல்ட் கம்பெனியின் ஸ்கோப் 325 கிராம் சுமார்தான், எல்க் வேட்டையில் முந்நூறு மீட்டருக்கு அது தாராளம். இந்த ஒரு மாற்றத்திலேயே அரை கிலோவுக்கு மேல் குறைகிறது, பணமும் மிச்சம். டைட்டானியம் ஆக்‌ஷனுக்குப் பல நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்தும் அவ்வளவு குறையாது. அதோடு டைட்டானியம் உரசினால் ஒட்டிப் பிடித்து இழுக்கும் குணம் உள்ளது என்பதால் போல்ட்டை எஃகில் செய்வார்கள், இல்லையென்றால் மேலே பூச்சு கொடுப்பார்கள். எஃகு ஆக்‌ஷனே போதும். ரெமிங்டன் 700 என்ற ரைஃபிள் வந்தது 1962இல், இன்றைக்கும் ஸ்டாக் (தோளில் வைக்கும் அடிக்கட்டை), ட்ரிக்கர், ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்குத்தான் முதலில் செய்கிறார்கள், அதனால் அதே அளவில் வரும் ஆக்‌ஷனை எடுத்தால் பிற்பாடு எதை மாற்றுவதும் சுலபம்.

கார்பன் சுற்றிய குழலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிறைய பேருக்கு இருக்கிறது. அது தன் பருமனுக்கு இணையான தடித்த எஃகுக் குழலைவிட லேசு, அவ்வளவுதான். மெலிந்த எஃகுக் குழலோடு வைத்தால் எடையில் பெரிதாக ஜெயிப்பதில்லை. மெலிந்த குழல் மூன்று நாலு குண்டுக்குள் சூடாகி, குண்டு விழும் இடம் நகரலாம், உண்மைதான். ஆனால் வேட்டையில் காரியம் நடப்பது குளிர்ந்த குழலில் இருந்து போகும் முதல் குண்டில். நீளத்தை வெட்டியும் லாபம் இல்லை, வாய்ப்பக்கம் ஓர் அங்குலம் வெட்டினால் 25 கிராம் போகும், குண்டின் வேகமும் கொஞ்சம் போகும். 22 அங்குலத்தில் விட்டுவிடுங்கள்.

ஸ்டாக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மரக்கட்டைக்குப் பதில் கார்பன் அல்லது கெவ்லார் கலந்து கையால் அடுக்கிச் செய்த ஸ்டாக் எடையையும் குறைக்கும், ஈரத்தில் வளையவும் வளையாது. குழல் ஸ்டாக்கைத் தொடாமல் இருக்க வேண்டும். வேலை முடிந்து வாங்கும்போது ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் செருகி ஆக்‌ஷன் வரைக்கும் இழுத்துப் பாருங்கள், வழியில் எங்காவது தட்டினால் கன்ஸ்மித்திடமே திருப்பிக் கொடுங்கள். ட்ரிக்கரில் எடை மிச்சம் என்று ஒன்றும் இல்லை. அதை இழுக்கத் தேவையான விசை இரண்டரை மூன்று பவுண்டுக்குக் கீழே வேண்டாம், குளிரில் கையுறையோடு விரல் வைக்கப் போகிறீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்று. டிக்கா டி3எக்ஸ் லைட் என்ற ரெடிமேட் ரைஃபிள் கடையிலேயே 2.9 கிலோ சுமாருக்குக் கிடைக்கிறது. அதில் அந்தச் சின்ன ஸ்கோப்பையும் அலுமினிய மவுண்டையும் போட்டால் 3.3 கிலோ. முதல் சீசனை அதோடு போய்வந்து, அப்புறம் அந்த 300 கிராமுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க மனசு வருகிறதா பாருங்கள்.

கேள்வி: தோட்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, மேக்னம் வேண்டாமா? எல்க் பெரிய மிருகம் ஆயிற்றே?

பதில்: அதே தோட்டாவை நாலு கிலோவில் இருந்து மூன்று கிலோ ரைஃபிளுக்கு மாற்றினால் உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். புதிதாகச் சுடுகிறவர் அந்த உதைக்குப் பயந்தே கண்ணை மூடிக்கொண்டு ட்ரிக்கரை இழுப்பார், அடிபட்ட எல்க் காட்டுக்குள் ஓடிப்போய்ச் சாகும். அது பாவம். கொலராடோவில் எல்குக்குச் சட்டம் கேட்பது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), 85 கிரெய்ன் (சுமார் ஐந்தரை கிராம்) எடையுள்ள விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல், எல்லாமே குறைந்தபட்சம். 7மி.மீ.-08 ரெமிங்டன் என்ற தோட்டா இதைத் தாண்டி நிற்கிறது, குட்டை ஆக்‌ஷனிலும் அடங்குகிறது. எல்கைவிட உங்கள் தோள்தான் எனக்குக் கவலை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன், துப்பாக்கி வைத்திருக்கலாமா?

பதில்: இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்! குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டம். அதற்கு இருக்கும் விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியான வேட்டை உரிமம். உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். கொலராடோவில் உரிமம் வாங்க, 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். ஆக்‌ஷனைத் தனியாக வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் அதுவே துப்பாக்கி, ஆர்டர் செய்தால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் வரும். அதனால் வகுப்பு, உரிமம், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை, இந்த மூன்றும் முடியும் வரை எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.