பெரியவங்கள ஹோம்ல சேத்த குற்ற உணர்ச்சி எப்பதான் போகும்?

முழுசா போகாதுங்க. எனக்கு ஒன்றரை வருஷமாச்சு, இன்னும் மிச்சம் இருக்கு.

என்னை வளத்தது அத்தை, அப்பாவோட தங்கச்சி. டிமென்ஷியா, மறதி நோய். கேஸத் தெறந்துட்டு பத்தவைக்க மறந்துடுவாங்க, நடுராத்திரி கேட்டத் தெறந்து ரோட்டுல நிப்பாங்க, நானும் ஒய்ஃபும் வேலைக்குப் போறவங்க, பாத்துக்க வந்த அக்காவும் மூணே மாசத்துல நின்னுட்டாங்க, அப்புறந்தான் திருச்சியிலயே ஒரு ஹோம்ல சேத்தோம். அன்னிக்கு ராத்திரி நான் நல்லா தூங்கிட்டேன். உண்மையச் சொல்லணும்னா அதுதான் காலைல எந்திரிச்சதும் உறுத்துச்சு.

சொந்தக்காரங்க பேச்சு தனிக்கதை. ஒரு சித்தப்பா போன் போட்டு, பெரியவங்கள கைவிட்டா ஜெயில்னு சட்டமே இருக்குடான்னாரு. இருக்குதான், 2007ல வந்த சட்டம், 24ஆவது பிரிவு, மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் கெடைக்கலாம். ஆனா அது ஒரேயடியா கைகழுவற நோக்கத்தோட எங்கயாவது விட்டுட்டுப் போறவங்களுக்கு. படிச்சப்புறம் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. (அந்தச் சித்தப்பா இதுவரைக்கும் ஒரு தடவகூட ஹோமுக்கு வந்ததில்ல.)

நான் பண்ண பெரிய தப்பு, ஆபீஸ் முடிஞ்சு ஆறு மணிக்குப் போனது. போனாலே அழுகை, லால்குடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு. அங்க இருந்த நர்ஸம்மாதான் சொன்னாங்க, மறதி இருக்கறவங்களுக்குப் பொழுது சாஞ்சா பதட்டம் ஏறும் தம்பி, காலைல வாங்கன்னு. இப்ப ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் போறேன், வேற ஆள் மாதிரி இருக்காங்க. என்ன பேசறதுன்னு தவிக்கறதுமில்ல, தலைக்கு எண்ணெ வெச்சு விடுவேன், நகம் வெட்டுவேன், கைக்கு வேலை இருந்தா மனசு அவ்வளவா அலையாது.

லால்குடி வீட்ட நாங்க எப்பவோ வித்தாச்சு. ஆரம்பத்துல அதச் சொல்லிப் புரியவைக்கப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு அது புதுச் செய்தி, ஒவ்வொரு தடவையும் அழுதாங்க. உண்மை பேசறேன்னு அந்த வீட்ட அவங்க கண்ணு முன்னாடியே அஞ்சாறு தடவ வித்திருக்கேன். இப்ப சொல்றதில்ல. திண்ணை எப்படி இருக்கும், கொல்லைல என்ன மரம்னு கேப்பேன், சொல்லிட்டே இருப்பாங்க.

போன வாரம் பக்கத்து கட்டில் பாட்டிகிட்ட என்னைக் காட்டி, எங்கண்ணன்னு சொன்னாங்க. நான் திருத்தல. கெளம்பறப்ப, அண்ணா லால்குடிக்கு பஸ் இருக்கான்னு கேட்டாங்க. காலைல இருக்கும்மான்னு சொல்லிட்டு வந்தேன்.