மூளை, முண்ணாண்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மூளை, முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு) பற்றி ஏதாவது கேட்க இருந்தால் கேளுங்கள் என்று போன கிழமை சொன்னேன். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நான் கிளிநொச்சியில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பார்க்கிறவன், மூளை நிபுணர் இல்லை. அதனால் மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் தங்கள் வைத்தியரையே கேளுங்கள், குறை நினைக்க வேண்டாம்.

முழங்காவிலிலிருந்து ஒரு சாதாரண தர மாணவி: எங்கட புத்தகத்தில மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று இருக்கு. யூடியூப்பில பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று சொல்லுறாங்க. எது சரி, சேர்?

இரண்டும் ஒன்றுதான் பிள்ளை, யூடியூப்பில் சொல்வது இந்தியப் புத்தகச் சொல். சோதனையில் எங்கட சொல்லையே எழுதுங்கள். யோசிப்பது, ஞாபகம், நாமாக விரும்பிக் கையைக் காலை அசைப்பது எல்லாம் மூளையம். வயல் வரம்பில் சைக்கிள் விழாமல் ஓடுகிறீர்களே, அந்தச் சமநிலை மூளியின் வேலை. நீங்கள் நித்திரையாக இருக்கும்போதும் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்வது நீள்வளைய மையவிழையம். அவர்கள் தண்டுவடம் என்பது எங்கட முண்ணாண். மூளையும் முண்ணாணும் சேர்ந்ததுதான் மைய நரம்புத் தொகுதி. அவற்றிலிருந்து வெளியே போகிற நரம்புகள், மூளையிலிருந்து 12 சோடி, முண்ணாணிலிருந்து 31 சோடி, வேறு கணக்கு. இந்தப் பிரிவை வடிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே இருக்கிற பாதிக் கேள்விக்கு இதுதான் பதில்.

மல்லாவி அக்கா ஒருவர்: சூடான தாச்சியில கை பட்டா, சுடுது என்று தெரிய முன்னமே கை தானா எடுபடுதே, எப்பிடி?

மூளையைக் கேட்காமலே முண்ணாண் முடிவெடுத்துவிடுகிறது, அக்கா. அதுதான் தெறிவினை. மூளைக்குச் செய்தி சற்றுப் பிந்தித்தான் போகும், "ஐயோ" என்கிற சத்தம் அதற்குப் பிறகு.

ஒரு ஐயா: 2009 இல பட்ட ஷெல் துண்டு ஒண்டு இன்னும் தலைக்குள்ள இருக்கு. மூளைக்கு நோ தெரியாது என்று டொக்டர் சொன்னார். அப்ப எனக்கு ஏன் தலையிடிக்குது?

டொக்டர் சொன்னது சரி ஐயா. நோவை உணரும் நரம்பு முனைகள் மூளைக்குள் இல்லை, நோயாளி விழித்திருக்கவே மூளையில் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். ஆனால் மூளையைச் சுற்றியிருக்கிற உறை, இரத்தக் குழாய், மேல்தோல் எல்லாவற்றுக்கும் நோ நன்றாகவே தெரியும். தலையிடி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. எல்லாத் தலையிடிக்கும் துண்டைக் குற்றம் சொல்லவும் முடியாது, வெயிலும் தண்ணீர் குடிக்காததும் போதும். ஆனால் இரண்டு விசயம். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உள்ளே துண்டு இருக்கிறது என்பதை முதல் ஆளாகச் சொல்லுங்கள், அந்த மெசினின் காந்தம் இரும்பை அசைத்துவிடும். வலிப்பு வந்தாலோ தலையிடியின் தன்மை மாறினாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

மாங்குளம் பக்கத்திலிருந்து: தம்பி பனையால விழுந்து 3 வருசம், இடுப்புக்குக் கீழ ஒண்டும் இல்லை. மாமாவுக்குக் கத்தி வெட்டி மணிக்கட்டு நரம்பு அறுந்து, தைச்ச பிறகு விரல்ல உணர்ச்சி திரும்பி வந்திட்டுது. தம்பிக்கு மட்டும் ஏன் வரேல்லை?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுதலாம் போல இருந்தது. மாமாவுக்கு அறுந்தது வெளி நரம்பு. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் என்று மெல்ல மெல்ல வளர்ந்து விரலைத் தொட்டுவிடும், சில மாதம் போகும், அவ்வளவுதான். தம்பிக்கு அடிபட்டது முண்ணாண். அங்கே அறுந்த இழை வளர முயன்றாலும் சுற்றியிருக்கிற கலங்களும் காயத் தழும்பும் அதை விடாது. முழுதாக அறுபடாமல் நசுங்கியிருந்தால் கொஞ்சம் திரும்புவதுண்டு, அதுவும் பெரும்பாலும் முதல் மாதங்களில். எங்கே அடி என்பதும் முக்கியம். முதுகின் நடுவில் என்றால் கால்கள் போகும், கழுத்தில் என்றால் கையும் போகும், கழுத்தின் மேற்பகுதியில் என்றால் மூச்சே நின்றுவிடும்.

பொய் நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை, ஆனால் தம்பிக்குச் செய்ய நிறைய இருக்கிறது. படுக்கையில் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிவிடுங்கள். கதிரையில் இருக்கும்போது இடைக்கிடை கையை ஊன்றி எழும்பச் சொல்லுங்கள். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் இப்போது அவருடைய எதிரி. மற்றவர்களுக்கு ஒன்று: மரத்தால் விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் மடித்து வைத்துக் கொண்டு ஓடாதீர்கள். அசைக்காமல் வைத்திருந்து அம்புலன்சுக்கு, 1990 இலக்கத்துக்கு அடியுங்கள். வேறு வழியே இல்லையென்றால் தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கப் பலகையில் வைத்துத் தூக்குங்கள். விழுந்ததில் தப்பிய முண்ணாண் தூக்கியதில் போகலாம்.

சிசேரியனுக்கு நாரியில ஊசி போட்டவை. இப்ப நாரி நோகுது. அது முண்ணாணில குத்தியிருக்குமோ?

இல்லை தங்கச்சி. வளர்ந்தவர்களில் முண்ணாண் 45 சென்ரிமீற்றர் அளவுதான், நாரியின் மேற்பகுதியோடு முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்குக் கீழே. அங்கே குதிரை வால் மாதிரி நரம்பு இழைகள் திரவத்தில் மிதக்கின்றன, ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். பிள்ளையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வதுதான் நாரிநோவுக்குக் கூடுதலான காரணம்.

கட்டுவிரியன் கடிச்சா விஷம் மூளைக்கு ஏறும் என்பது உண்மையோ?

விஷம் பிடிப்பது நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தை. முதலில் கண்மடல் விழும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. கண் திறக்கவில்லை, ஆள் முடிந்தது என்று பக்கத்தில் நின்று ஒப்பாரி வைக்காதீர்கள், உள்ளே ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். கெதியாக வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், மூச்சுக்கு மெசின் பிடித்தால் தசைகள் திரும்பி வரும். இரவில் பாம்பு படுக்கைக்குள் வராமலிருக்க, வெறும் நிலத்தில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள்.

மூளையில 10 வீதம்தான் பாவிக்கிறமாம்?

பொய். உடம்பு நிறையில் ஏறக்குறைய 2 வீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் 20 வீதத்தைத் தின்கிறது. சும்மா இருக்கவா?

மிதிவெடியில கால் போய் கனகாலம். இல்லாத பெருவிரல் இப்பவும் விறைச்சு வலிக்குது. எனக்கு மனநோயோ?

இல்லை அண்ணை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த வெயர் மிற்செல் என்ற வைத்தியர் 1871 இலேயே இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்தார். கால் போனாலும் மூளையத்தில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த ராமச்சந்திரன் என்ற நரம்பியலாளர் 1990களில் கண்ணாடி வைத்து ஒரு வழி சொன்னார். நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் விம்பத்தைப் பார்த்துக்கொண்டே அசைக்க வேண்டும். எல்லோருக்கும் சரிவராது. என்னிடம் வருகிற ஒருவர் முதல் நாள் இதைச் செய்யும்போது அவரும் சிரித்தார், மனைவியும் சிரித்தார். மூன்றாம் கிழமை வந்து, "விரல் நீண்டு குடுத்திட்டுது" என்றார்.