அணிலுக்கு எந்தக் காலிபர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்தால் பல மாநிலங்களில் அணில் சீசன் தொடங்கிவிடும். புதிதாக லைசென்ஸ் எடுத்த நம்மவர்களிடமிருந்து கடிதங்களும் வரத் தொடங்கும். இங்கே வேட்டையாடப்படுவது முதுகில் கோடு போட்ட நம் ஊர் அணில் அல்ல. அரைக் கிலோவை ஒட்டிய சாம்பல் அணிலும், அதைவிடப் பெரிய நரி அணிலும்தான்.

வணக்கம் அண்ணா. பென்சில்வேனியாவில் சிறு விலங்கு வேட்டைக்கு ரைபிள் “.22 காலிபர் வரை” என்கிறார்கள். என்னிடம் .223 ரெமிங்டன் இருக்கிறது. இரண்டு குண்டும் ஏறக்குறைய ஒரே பருமன்தானே, கொண்டுபோகலாமா? (பிட்ஸ்பர்க்)

கூடாது தம்பி. காலிபர் என்பது குழல், குண்டு ஆகியவற்றின் பருமன், அங்குலக் கணக்கில். அதைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. விதியில் இன்னொரு சொல் இருப்பதைத்தான் கவனிக்கவில்லை: ரிம்ஃபயர். தோட்டாவின் அடிவிளிம்பில் சுத்தியல் அடித்து வெடிக்கும் வகை அது. .22 லாங் ரைபிள், .22 மேக்னம், .17 எச்.எம்.ஆர். மூன்றும் இதில் அடங்கும். உங்கள் .223 நடுவில் அடி வாங்கும் சென்டர்ஃபயர்.

குண்டின் வேகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். .22 லாங் ரைபிளில் 40 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அளவு) குண்டு விநாடிக்குச் சுமார் 1,200 அடி வேகத்தில் போகும். .223-இல் 55 கிரெய்ன் குண்டு 3,200 அடியைத் தாண்டும். ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு. மான் வேட்டை விதி துப்பாக்கிக்குக் கீழ்வரம்பு வைக்கும்: ரிம்ஃபயர் ஆகாது, மிருகம் காயத்தோடு ஓடித் துடிக்கக் கூடாது என்பதற்காக. சிறு விலங்கு விதி மேல்வரம்பு வைக்கும். அணில் கிளையில் இருக்கிறது, குழல் வானத்தைப் பார்க்கிறது, குறி தப்பினால் குண்டு எங்கேயோ போய் விழும். சாதாரண .22 குண்டே ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. அதனால், அணில் தண்டை ஒட்டி இருக்கும்போது, பின்னால் மரம் குண்டை வாங்கிக்கொள்ளும் கோணத்தில் மட்டும் சுடுங்கள். வானத்தின் பின்னணியில் தெரியும் அணிலை ரைபிளால் சுடாதீர்கள். ரவை எனும் சிறு குண்டுகள் பலவற்றை ஒரே வெடியில் சிதறடிக்கும் ஷாட்கன் வைத்திருப்பவருக்கு அதை விட்டுவிடலாம்.

.17 எச்.எம்.ஆர். 2002-இல் வந்தது. 17 கிரெய்ன் குண்டு 2,550 அடி வேகம். சட்டப்படி சரி, துல்லியமும் அருமை. ஆனால் உடம்பில் பட்டால் கறி என்று எதுவும் மிஞ்சாது. தலையில் சுடத் தெரிந்தவருக்கு மட்டும்.

நியூ ஜெர்சியில் என் .22 ரைபிளை அணிலுக்குப் பயன்படுத்தலாமா? (எடிசன்)

முடியாது. ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போனால் முடியும், அங்கே தனி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு. உங்கள் மாநிலத்தில் அணிலுக்கு ஷாட்கன் உண்டு. ரைபிள் பெர்மிட் வாங்கினால் .177 முதல் .22 வரையிலான ஏர்கன் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) உண்டு. குறிப்பிட்ட பகுதிகளிலும் காலத்திலும், குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் .36 அல்லது அதற்குக் குறைந்த ரைபிளும் உண்டு.

.36 எப்படி .22-ஐவிட ஆபத்து குறைந்தது என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். அதில் போவது உருண்டை ஈயக் குண்டு. உருண்டைக்குக் காற்றைக் கிழிக்கும் வடிவம் இல்லை, வேகம் சீக்கிரம் வடிந்துவிடும். தவிர, ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். மக்கள் நெருக்கத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலத்துக்கு இந்தக் கணக்கு பொருத்தமாகவே படுகிறது எனக்கு.

இன்னொன்று: நியூ ஜெர்சி சட்டத்தில் ஏர்கன்னும் துப்பாக்கிதான். அதை வாங்கவே துப்பாக்கி அடையாள அட்டை வேண்டும். வேறு மாநிலக் கடையில் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கினால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (ஷார்லட்)

இதற்குத்தான் நீளமான பதில் வேண்டும், ஏனென்றால் தவறாகப் புரிந்துகொண்டால் போவது கறி அல்ல, குடியிருப்பு.

மத்தியச் சட்டத்தின் பொது விதி: குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். இதற்கு விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இதற்கான கேள்வி வரும். லைசென்ஸைக் காட்ட வேண்டும், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எண்ணும் கேட்பார்கள். மாநிலத்தின் சொந்த நிபந்தனைகள் தனி.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி வகுப்பு), பிறகு லைசென்ஸ், கடைசியில் துப்பாக்கி. நண்பரோடு சுடும் பயிற்சிக் களமான ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் ‘வைத்திருத்தல்’ ஆகிவிடலாம் என்பதால், “சும்மா சுட்டுப் பார்க்கிறேன்” என்பதற்கும் லைசென்ஸ் முந்தி இருக்கட்டும்.

லைசென்ஸ் காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். டெக்சாஸில் ஆகஸ்ட் 31, பென்சில்வேனியாவில் ஜூன் 30. மறுநாள் புதியது இல்லையென்றால், அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் கோப்பில் வேறு சிக்கல் ஏதும் இருந்தால், கடைக்காரரைக் கேட்காமல் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. முதல் ஷாட்கன்னாக .410 வாங்கலாமா, 20 கேஜா? (கொலம்பஸ்)

சட்டப்படி இரண்டும் சிறியவை. பல மாநிலங்களில் வரம்பு 10 கேஜ், அது ஒரு பீரங்கி. கேஜ் எண் குறையக் குறையக் குழல் பெரிது: குழல் அளவு ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதே கணக்கு. .410 மட்டும் நேராக அங்குல அளவு.

உதை குறைவு என்று .410-ஐக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அணிலுக்கு ஏற்ற 6-ஆம் எண் ரவை ஒரு அவுன்சுக்குச் சுமார் 225 இருக்கும். .410-இன் அரை அவுன்ஸ் தோட்டாவில் 110 சொச்சம்தான். 20 கேஜின் முக்கால் அவுன்சுக்கு மேற்பட்ட தோட்டாவில் 200 அளவுக்கு வரும். ரவை குறைந்தால் அணில் சாகாமல் பொந்துக்குள் போய்விடும், பையன் மனம் உடைந்துபோவான். 20 கேஜ் வாங்குங்கள், லேசான தோட்டாவில் பழக்குங்கள். ரவை எண்ணும் பெரிதாகப் பெரிதாக ரவை சிறிது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். உதாரணமாக, பென்சில்வேனியா ஈய ரவைக்கு 4-ஆம் எண்ணை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. 6 சரி, 2 குற்றம்.

கலிஃபோர்னியாவில் .22-க்கும் ஈயமில்லாத தோட்டாதான் வேண்டுமா? விலை கண்ணைக் கட்டுகிறது. (ஃப்ரீமான்ட்)

ஆமாம். 2013-இல் கையெழுத்தான சட்டம் 2019 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கிறது. துப்பாக்கியால் எந்தக் காட்டு உயிரை வேட்டையாடினாலும் ஈயம் கூடாது. ஈயத் துகள் கலந்த மிச்சத்தைத் தின்று காண்டோர் கழுகுகள் சாவதுதான் காரணம், அந்தப் பறவை எத்தனை அரிது என்பது தெரிந்தால் விலையைப் பற்றிப் புலம்பத் தோன்றாது. செம்புக் குண்டு எடை குறைவு (21 கிரெய்ன் கிடைக்கிறது), வேகம் கூடுதல். ஈயத்தில் சரிபார்த்து வைத்த குறி இதற்கு உதவாது, புதிதாக வைக்க வேண்டும். உங்கள் குழலுக்குப் பிடிக்கிறதா என்று ஒரு பெட்டி சுட்டுப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

டெக்சாஸில் .177 ஏர்கன் போதுமா? (டாலஸ்)

அணிலுக்குப் போதும். குறைந்தது .177, குழல் வாயில் விநாடிக்கு 600 அடி வேகம், இதுதான் நிபந்தனை. என் விருப்பம் .22 ஏர்கன்தான்: பெல்லட் கனமானது, அடி வலுவாக விழும். டெக்சாஸில் முயலுக்கு வேட்டை தடைசெய்யப்பட்ட காலமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை, ஆனால் லைசென்ஸ் உண்டு.

புறாவை .22-ஆல் சுடலாமா, கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது?

மோர்னிங் டவ் என்றால் கூடாது, எந்த மாநிலத்திலும். விரும்பி வேட்டையாடப்படும் இந்தப் புறா வலசைப் பறவை, மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டது: ரைபிள் கூடாது, 10 கேஜ் வரை ஷாட்கன், மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு. கம்பி வேறு மின்வாரியச் சொத்து.

கொல்லைப்புறத் தக்காளியை அணில் ஒன்றுவிடாமல் கடித்துப் போடுகிறது. ஏர்கன் எடுக்கலாமா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பென்சில்வேனியாவில் குடியிருப்பிலிருந்து 150 கெஜத்துக்குள், வீட்டிலிருப்பவர் அனுமதி இல்லாமல் வேட்டை கூடாது. நியூ ஜெர்சியின் 450 அடியும் அதே தூரம்தான். பக்கத்து வீடு இருபது அடியில் இருக்கும் காலனியில் இது எங்கே நடக்கும்? ஊராட்சி விதிகளும் தனியாகப் பாயும். தக்காளிச் செடிக்குக் கம்பி வலை போடுங்கள். செடிக் கூண்டுக்குக் காலிபர் வரம்பு கிடையாது.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது காட்டு முயல், கவுதாரி என்று பார்க்கலாமா? (சொந்த ஊர் திண்டுக்கல்)

பார்க்கலாம், கண்ணால். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம். இங்கே எடுத்த லைசென்ஸ் அங்கே வெறும் காகிதம்.

அணில் கறியில் பால்ரஸ் பல்லில் கடிபடுகிறது. தோலுக்கடியில் ஒரு புழுவும் இருந்தது, தூக்கி எறிந்துவிட்டேன். சரிதானா?

புழுவுக்காக எறிந்திருக்க வேண்டியதில்லை. அது பாட் ஈயின் புழு, சீசனின் தொடக்கத்தில் அடிக்கடி காணலாம். தோலை உரிக்கும்போதே அதுவும் போய்விடும், கறிக்குக் கெடுதல் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் குளிர் விழுந்த பிறகு போங்கள். ரவைக்கு ஒரு வழி: கறியில் ரத்தம் கட்டிய இடத்தில் ரோமம் உள்ளே இழுபட்டிருக்கும். ரோமத்தைப் பிடித்துக் கத்தி முனையால் தோண்டினால் அடியில் ரவை இருக்கும். முயலை உரிக்கும்போது கையுறை அவசியம், துலரேமியா என்ற காய்ச்சல் அதன் ரத்தத்திலிருந்து தொற்றும். எதுவானாலும் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேக வையுங்கள். வயதான அணில் என்றால் குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்ட பிறகே மிளகு போட்டு வறுங்கள்.