வாசகர் கேள்வி–பதில்: முதலிடப் பட்டியலைப் பார்த்து யூனிட் டிரஸ்ட் வாங்கலாமா?

கேள்வி: மாதம் 1,000 ராண்ட் வீதம் நீண்ட காலத்துக்குச் சேமிக்க விரும்புகிறேன். பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடும் யூனிட் டிரஸ்டுகளில், சென்ற ஆண்டில் அதிக இலாபம் தந்தவற்றின் பட்டியல் நாளிதழில் வந்தது. அதில் முதல் மூன்றிலும் பணத்தைப் பிரித்துப் போட்டால், ஒன்று கவிழ்ந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும் என்று என் தம்பி சொல்கிறான். அவன் சொல்வது சரியா? – ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பியின் நோக்கம் நல்லது, வழிதான் சரியில்லை. ஓராண்டுப் பட்டியல், நிதி மேலாளரின் திறமையைவிட அந்த ஆண்டில் எந்தத் துறைக்கு யோகம் அடித்தது என்பதையே பெரும்பாலும் காட்டும். தங்கம் விலை ஏறிய ஆண்டில் சுரங்கப் பங்குகளை வைத்திருக்கும் நிதிகள் வரிசையாக மேலே வந்து நிற்கும். விலை இறங்கியதும் அதே நிதிகள், அதே மேலாளர்களோடு, பட்டியலின் அடியில் கிடக்கும். பட்டியலைப் பார்த்து வாங்குபவர் ஏற்றம் முடிந்த பிறகே உள்ளே நுழைகிறார்.

பிரித்துப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கப் பங்கு நிதிகள் மூன்றை வாங்கினால் அது ஒரே பானைச் சோற்றை மூன்று தட்டில் பரிமாறியது போலத்தான். ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் பெருநிறுவனங்கள் சிலவே உள்ளதால், எல்லா நிதிகளும் சுற்றிச் சுற்றி அவற்றிடமே வந்து சேர்கின்றன. 1915இல் செய்தித்தாள் நிறுவனமாகத் தொடங்கிய நாஸ்பர்ஸ், 2001இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தில் வாங்கிய பங்கு மலைபோல் வளர்ந்ததால், ஒரு கட்டத்தில் முதல் 40 நிறுவனங்களின் குறியீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைப்பது குறியீட்டு நிதி. டர்பனில் உட்கார்ந்து அப்படிப்பட்ட உள்ளூர் நிதியை வாங்கியவர், தம்மை அறியாமலே சீன இணைய நிறுவனம் ஒன்றின் மீது பணம் கட்டியிருந்தார். எந்தப் பங்கும் 10 விழுக்காட்டைத் தாண்டாதபடி உச்சவரம்பு வைத்த குறியீடுகள் இருப்பது இந்தச் சிக்கலுக்காகவே.

ஆகவே வாங்குமுன் ஒவ்வொரு நிதியும் வெளியிடும் விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, முதல் பத்துப் பங்குகளின் பெயர்கள்; மூன்று அறிக்கைகளிலும் ஆறேழு பெயர்கள் ஒன்றாக இருந்தால் ஒரு நிதியே போதும். மற்றொன்று, மொத்த முதலீட்டுச் செலவு என்று போட்டிருக்கும் சிறிய எண். பலர் முதல் பக்கத்து வரைபடத்தைப் பார்த்து மயங்கிவிட்டு இந்த எண்ணைத் தேடுவதே இல்லை. செலவுக்கு முன் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ராண்ட் வீதம் 25 ஆண்டுகள் போட்டால், அரை விழுக்காடு செலவுள்ள நிதியில் ஏறத்தாழ 12 இலட்சத்து 19 ஆயிரம் சேரும். 2 விழுக்காடு செலவுள்ள நிதியில் 9 இலட்சத்து 51 ஆயிரம்தான். நீங்கள் போட்ட மொத்தமே 3 இலட்சம் என்னும்போது, 2 இலட்சத்து 68 ஆயிரம் கட்டணமாகவும் அதன் வட்டியாகவும் கரைவது சிறிய விஷயமன்று. அறிக்கையில் உள்ள அந்த மொத்த முதலீட்டுச் செலவில் ஆலோசகரின் கட்டணம் சேராது. அதையும் கணக்கில் கொள்ளும் ‘ஆண்டுப் பயனுறு செலவு’ அட்டவணையை அவரிடம் எழுத்தில் கேளுங்கள். தயங்குபவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை: செலவு குறைந்த, உள்நாட்டையும் உலகையும் தழுவிய குறியீட்டு நிதி ஒன்றோ இரண்டோ போதும். அவற்றை 2015இல் அறிமுகமான வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் வழியாக வாங்குங்கள். அதில், நிறுவனங்கள் தரும் இலாபப் பங்குக்கான டிவிடெண்ட் வரி 20 விழுக்காடும் இல்லை, விற்ற இலாபத்துக்கு வரியும் இல்லை. வாழ்நாள் வரம்பு 5 இலட்சம் ராண்ட்; ஆண்டு வரம்பை மீறினால் மீறிய தொகையில் 40 விழுக்காடு வரியாகப் போய்விடும் என்றாலும், ஆண்டுக்கு 12,000 போடும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். பெரிய நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தால், அதை மலிவு விலையில் கிடைத்த வாய்ப்பு என்று கொள்ளலாமா? நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படித்தான் சொல்கிறார்கள். – மிட்ராண்ட்

பதில்: அறைகலன் விற்பனையில் பெரிய நிறுவனமாக இருந்த ஸ்டைன்ஹாஃபின் கதையை அந்தக் குழுவில் பகிருங்கள். 2017 டிசம்பர் 5ஆம் தேதி, கணக்குகளில் முறைகேடு இருப்பதாகவும் தலைமை நிர்வாகி பதவி விலகியதாகவும் நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன் 45 ராண்டுக்கு மேல் விற்ற பங்கு, மறுநாள் 17 ராண்ட் அளவில் முடிந்தது. ‘மலிவு’ என்று அன்று வாங்கியவர்கள் அதே வாரத்துக்குள் அது 6 ராண்ட் அளவுக்கு வந்ததைக் கண்டார்கள். பின்னர் அது சில சென்ட்டுகளுக்கு இறங்கி, 2023இல் சந்தையிலிருந்தே நீங்கியது. 2019இல் வெளியான தணிக்கை விசாரணை, ஏறத்தாழ 650 கோடி யூரோ மதிப்புள்ள பொய்ப் பரிவர்த்தனைகளைச் சுட்டியது.

விலை விழுந்த அளவு, மீதமுள்ள மதிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஏன் விழுந்தது என்பதே கேள்வி. பிளாட்டினம் விலை இறங்கியதால் சுரங்கப் பங்கு விழுவது ஒரு வகை. கணக்கையே நம்ப முடியாமல் விழுவது முற்றிலும் வேறு வகை, அதில் உங்கள் கையில் இருக்கும் எண்கள் எதுவும் உதவாது. ஆண்டறிக்கையில் அறிவித்த இலாபத்தையும் தொழிலிலிருந்து உண்மையில் வந்த ரொக்கத்தையும் ஐந்தாண்டுக்கு ஒப்பிடுங்கள். இலாபம் ஏறிக்கொண்டும் ரொக்கம் பின்தங்கிக்கொண்டும் இருந்தால், அதிலும் நிறுவனம் ஆண்டுதோறும் புதுப்புது நிறுவனங்களை வாங்கிக் குவித்தால், ஒதுங்கிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறை பங்கு வாங்கும்போதும் 0.25 விழுக்காடு பரிமாற்ற வரி உண்டு என்பதையும், மூன்றாண்டுக்குள் விற்றால் அந்த இலாபம் சாதாரண வருமானமாகக் கணக்கிடப்படலாம் என்பதையும் மறவாதீர்கள். இதையெல்லாம் செய்ய நேரமிருந்தால், சேமிப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தனிப் பங்குகளுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: மணி மார்க்கெட் நிதி வங்கிக் கணக்கைப் போலவே பாதுகாப்பானதா? – ஓய்வுபெற்றவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஏறக்குறைய, ஆனால் அதே அன்று. மணி மார்க்கெட் நிதி என்பது வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் குறுகிய காலக் கடன் கொடுக்கும் யூனிட் டிரஸ்ட். 2014 ஆகஸ்டில் ஆப்பிரிக்கன் பேங்க் ரிசர்வ் வங்கியின் பொறுப்பில் வைக்கப்பட்டபோது, அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த சில மணி மார்க்கெட் நிதிகளின் முதலீட்டாளர்களுக்குச் சிறிது இழப்பு நேர்ந்தது. 2024 ஏப்ரல் முதல் வங்கி வைப்புத் தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை காப்பு உண்டு. யூனிட் டிரஸ்டான மணி மார்க்கெட் நிதிக்கு அந்தக் காப்பு பொருந்தாது.

கேள்வி: பேரன் பெயரில் வரியில்லாக் கணக்கு தொடங்கி, பிறகு பள்ளிக் கட்டணத்துக்கு எடுக்க எண்ணுகிறேன். சரிதானே? – பாட்டி, லெனேசியா

பதில்: பேரன் பெயரில் தொடங்கத் தடையில்லை, அம்மா, ஆனால் நீங்கள் போடும் ஒவ்வொரு ராண்டும் அவனுடைய 5 இலட்ச வரம்பிலிருந்து கழியும், எடுத்துவிட்டால் அந்த இடம் திரும்ப அவனுக்குக் கிடைக்காது. பள்ளிக் கட்டணத்துக்குச் சாதாரணச் சேமிப்புக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அவன் பெரியவனாகும்வரை தொடாமல் விடக்கூடிய பணத்தை மட்டும் இதில் போடுங்கள்.