மூன்றாவது சுற்று வரை எழுந்திருக்காதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு எத்தியோப்பியாவில் ஹவாசா என்ற ஊரில், பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழு வயதுப் பையனோடு நானும் போக வேண்டும். உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். பஞ்சம் பிடித்த நாடு, பொட்டல் காடு, பச்சை மாமிசம் தின்பார்கள் என்கிறார்கள். நான் சைவம். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து கடல் காற்றில் வளர்ந்தவள். கடலே இல்லாத நாட்டில், யாரையும் தெரியாமல் மூன்று வருடம் எப்படி இருப்பேன்? நீங்கள் அங்கே இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.
பெயர் வேண்டாம், தூத்துக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் உறவுக்காரர்கள் சொன்னதில் பச்சை மாமிசம் மட்டும் உண்மை. மற்றதெல்லாம் 1984-ல் பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்துவிட்டுச் சொல்வது. அந்தப் பஞ்சம் நாட்டின் வடக்கே, வொல்லோ, திக்ரே பக்கம் வந்தது. நீங்கள் போவது தெற்கே. அந்த நாடு இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ராஜஸ்தானில் வறட்சி என்றால் கூடலூரில் குடையில்லாமல் வெளியே போக முடியுமா என்ன?

தலைநகர் அடிஸ் அபாபா ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றி ஊட்டி மாதிரியே யூகலிப்டஸ் மரங்கள். முதல் நாள் காரில் வரும்போது அந்த வாசனையில் எனக்கு லவ்டேல் ஞாபகம் வந்துவிட்டது. அங்கிருந்து தெற்கே 275 கிலோமீட்டர் இறங்கினால் ஹவாசா. ஏறக்குறைய 1,700 மீட்டர், நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். மின்விசிறி தேவைப்பட்ட நாட்களை எண்ணிவிடலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை நன்றாகப் பெய்யும்.

ஊர் ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. காலையில் மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சைவமாக இருந்தாலும் போங்கள். பையன்கள் உட்கார்ந்து ஜிலேபிக் கெண்டையைச் செதில் எடுத்து, முள் உருவி, துண்டு போடுவார்கள். சுற்றிலும் உங்கள் மகனைவிட உயரமான வழுக்கைத்தலை நாரைகள், மராபு என்பார்கள், கடன் வசூலிக்க வந்தவர்கள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். குடல் விழுந்ததும் பாயும். என் மகளுக்கு முதல் மாதம் முழுக்க அதுதான் பொழுதுபோக்கு.

கடல் இல்லை என்கிறீர்கள். 1993-ல் எரித்திரியா தனி நாடாகப் பிரிந்தபோது மஸாவா, அஸாப் என்ற இரண்டு துறைமுகங்களும் அதோடு போய்விட்டன. கடற்படையைக் கலைத்துவிட்டார்கள், சரக்குக் கப்பல்களை மட்டும் விடவில்லை. 12 கோடிக்கு மேல் மக்கள், உலகத்திலேயே கடற்கரை இல்லாத நாடுகளில் பெரிய கூட்டம் இதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் பெரும்பாலும் பக்கத்து நாடான ஜிபூட்டியில் இறங்கி, லாரியிலோ ரயிலிலோ மலையேறி வர வேண்டும். குழந்தை டயப்பர் என்ன விலை என்று கேட்டால் அந்த மலை முழுவதும் விலையில் தெரியும்.

ஆனால் பேச்சில் கடல் போகவில்லை. அம்ஹாரிக் மொழியில் கடலுக்கு 'பஹிர்' என்று பெயர். யூகலிப்டஸ் 'பஹிர் ஸாஃப்', கடல் தாண்டி வந்த மரம். வடக்கே தானா ஏரிக்கரையில், நீல நைல் புறப்படும் இடத்தில் இருக்கும் ஊருக்கு 'பஹிர் தார்' என்று பெயர். அதாவது கடற்கரை! உப்பளத்துப் பெண்ணான உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடகிழக்கில் தனாகில் என்று ஒரு பள்ளம், கடல் மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே. ஒரு காலத்தில் செங்கடல் உள்ளே வந்து வற்றிப்போன இடம். அங்கே பல இடங்களில் பாத்தி கட்ட வேண்டியதே இல்லை. தரையே உப்பு. அஃபார் இனத்து ஆட்கள் அதைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, செங்கல் மாதிரி செதுக்கி ஒட்டகத்தில் ஏற்றுவார்கள். அந்த உப்புக்கட்டிக்கு 'அமோலே' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டு வரை அதைக் காசாகவே கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். (அங்கே இப்போது போகாதீர்கள். வெயிலைப் பற்றித் தூத்துக்குடிக்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும்.)

சரி, உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கப்போவது கடலோ சாப்பாடோ அல்ல. கடிகாரம்தான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டம்மா உடைந்த ஆங்கிலத்தில் "சனிக்கிழமை மூன்று மணி, காபி" என்று கூப்பிட்டார். நான் சேலை மாற்றி, ஒரு டப்பா முறுக்கோடு மதியம் மூன்றுக்குப் போய் நின்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தரையில் பரப்பிய புல் வாடியிருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து எனக்காகக் காத்திருந்து, காபி வறுத்து, குடித்து, எழுந்துபோயிருக்கிறார்கள். அங்கே நாள் விடியலில் தொடங்கும். நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. ஒன்பது மணி என்றால் மூன்று. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரை நாம், எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். யார் நேரம் சொன்னாலும் "ஹபஷா மணியா, ஃபெரெஞ்சி மணியா?" என்று கேளுங்கள். ஹபஷா என்றால் அந்த ஊர்க்காரர், ஃபெரெஞ்சி என்றால் வெளிநாட்டுக்காரர்.

தேதியும் அப்படித்தான். முப்பது நாளில் பன்னிரண்டு மாதம், அப்புறம் பகுமே என்று ஐந்தோ ஆறோ நாளில் பதின்மூன்றாவது மாதம். புத்தாண்டு பெரும்பாலும் செப்டம்பர் 11-ல் வரும். நமக்கு 2025 செப்டம்பர் நடந்தபோது அவர்களுக்கு 2018 பிறந்தது. வீட்டு ஒப்பந்தத்தில் எந்தக் காலண்டர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தக் காபிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். யாரையும் தெரியாமல் எப்படி இருப்பது என்று கேட்டீர்களே, பதில் அங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தரையில் பச்சைப் புல் பரப்புவார்கள். சாம்பிராணி புகையும். வீட்டுப் பெண் சின்ன முக்காலியில் உட்கார்ந்து பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் தட்டு வைத்து வறுப்பார். கொட்டை கறுத்து எண்ணெய் கசியும்போது தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வருவார். நாம் தீபாராதனையை ஒற்றிக்கொள்கிற மாதிரி அந்தப் புகையைக் கையால் முகத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் உரலில் இடித்து, 'ஜெபெனா' என்ற கறுப்பு மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் உயரத்திலிருந்து ஒரே இழுப்பில் ஊற்றுவார். பால் கிடையாது, சர்க்கரை தாராளம். சில வீடுகளில் அருவதா இலை ஒரு கொத்து போடுவார்கள். கொறிக்க சோளப்பொரி.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாவது, மூன்றாவது சுற்று. நாம் டிகாஷனில் இரண்டாம் தண்ணீர் விடுவதுதான், ஆனால் அங்கே அதற்கு மரியாதை உண்டு. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசீர்வாதம். இரண்டாவதில் எழுந்தால் ஆசி வேண்டாம் என்று போனதாக அர்த்தம். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும். எதிர்த்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது, வெங்காயம் என்ன விலை, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அந்த நேரத்தில்தான் காதில் விழும். எனக்கு மொழி தெரியாத முதல் ஆறு மாதமும் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவே போதுமாக இருந்தது. என் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்த இரவில் கதவைத் தட்டியவர்கள் அந்தக் காபிக்காரர்கள்தான்.

பேசும்போது எதிரில் இருப்பவர் திடீரென்று 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுப்பார். பயப்பட வேண்டாம், 'ஆமாம்' என்று அர்த்தம். நான் முதலில் மூச்சுத்திணறலோ என்று எழுந்துவிட்டேன். 'இஷி' என்றால் சரி. நம் ஊர்ச் சரி மாதிரியேதான், பிளம்பர் இஷி சொன்னால் நாளைக்கு வருவார் என்று நம்பிவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியிலும், ஈஸ்டருக்கு முன் 55 நாளும், இன்னும் பல நாட்களிலும் விரதம் இருப்பார்கள். அன்று இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. ஹவாசாவின் சிதாமா மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட், ஆனாலும் ஓட்டல்களில் விரதச் சாப்பாடு கிடைக்கும். "சைவம்" என்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். "யெ-ட்ஸோம் பெயாய்நெத்து" என்று கேளுங்கள். விரதக் கலவைத் தட்டு வரும். பெரிய வட்டமான இன்ஜெரா, அதன்மேல் மைசூர்ப் பருப்புக் குழம்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, பீட்ரூட், கடலை மாவில் செய்த ஷிரோ. ஒரே எச்சரிக்கை, சிலர் விரதத்தில் மீனைச் சேர்த்துக்கொள்வார்கள். கேட்டுவிடுங்கள்.

இன்ஜெராவை எல்லோரும் தோசை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடுகைவிடச் சின்னதான டெஃப் என்ற தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. ஆறிப்போய்த்தான் வரும். புளிப்பு தூக்கலாக இருக்கும். மேலே ஆயிரம் கண். அந்தக் கண்கள்தான் குழம்பைக் குடிக்கும். முதல் வாரம் பிடிக்காது. ஊருக்குத் திரும்பிய பிறகு ஏங்குவீர்கள்.

கிராமத்துப் பக்கம் போனால் வாழைத்தோப்பு என்று நினைப்பீர்கள். அது வாழை அல்ல, என்செட். தின்னும்படி பழம் வராது. அடித்தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் புதைத்துப் புளிக்கவைத்து, ரொட்டி மாதிரி 'கோச்சோ' செய்வார்கள். தென்பகுதியின் பஞ்சகாலக் காப்பீடு அதுதான்.

உங்களுக்கு உண்மையில் சங்கடமாக இருக்கப்போவது குர்ஷா. எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். நடுவில் ஒருவர் கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டுவார். அன்புக்கு அடையாளம். எச்சில், பத்து என்று வளர்ந்த நமக்குக் கை தானாகப் பின்னால் போகும். வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி ஒன்று ஊட்டுங்கள். என் மாமியாருக்கு மட்டும் இதைச் சொன்னதில்லை.

வேறு சில விஷயங்களில் நீங்கள் உடனே ஒட்டிக்கொள்வீர்கள். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பிறகு அப்பா பெயர், பிறகு தாத்தா பெயர். கல்யாணமானாலும் பெண்ணுக்கு அப்பா பெயர்தான் தொடரும். வெறுங்காலோடு ஓடி 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வென்றாரே அபெபெ பிகிலா, அவர் பெயரில் பிகிலா என்பது அப்பா. பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து நாம் விழிக்கிற மாதிரியே அவர்களும் விழிப்பார்கள். எழுத்தும் அப்படி. நம் உயிர்மெய் போல ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஏழு வடிவம் எடுக்கும். உங்கள் பையன் ஒரு வருடத்தில் கடைப் பலகை படிப்பான்.

பெண்கள் மாதச் சீட்டு நடத்துவார்கள், அதற்கு 'எகுப்' என்று பெயர். 'இத்திர்' என்று இன்னொரு சங்கம். மாதாமாதம் சந்தா கட்டுவது, வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் வந்து தெருவில் கூடாரம் போட்டு, பெஞ்சு, பாத்திரம் கொண்டுவந்து சமைத்துப் போடுவார்கள். தெரிந்தவர் வீட்டில் துக்கம் என்றால் கட்டாயம் போங்கள். பேச வேண்டாம். கூடாரத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற வேகவைத்த தானியம், நம் சுண்டல் மாதிரி, இரண்டு கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கல்யாணத்துக்குப் போகாததை மன்னிப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்காதீர்கள்: "நீங்கள் எந்த இனம்?" ஒரோமோ, அம்ஹாரா, சோமாலி, திக்ரே, சிதாமா என்று 80-க்கு மேற்பட்ட இனங்கள். 1995 அரசியல் சட்டம் மாநிலங்களையே அந்த வழியில் பிரித்தது. 2020 நவம்பரிலிருந்து இரண்டு வருடம் திக்ரேயில் கொடூரமான போர். 2023-ல் அம்ஹாராவில் சண்டை தொடங்கியது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் அடிஸ் அபாபாவில் நம் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். இரவில் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

உங்கள் கணவரிடம் இன்றே கேட்க வேண்டியது, சம்பளம் எந்தப் பணத்தில் என்று. 2024 ஜூலையில் அரசு அந்நாட்டு நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டதும், சில வாரங்களில் டாலருக்கு எதிரே அதன் மதிப்பு ஏறக்குறைய பாதியானது. முழுச் சம்பளமும் பிர் என்றால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வியோடு ஒரு சாமான் பட்டியலும் அனுப்பியிருந்தீர்கள். மஞ்சள், வெந்தயம், ஓமம், மிளகாய், இஞ்சி எல்லாம் சந்தையிலேயே கிடைக்கும், சுமக்காதீர்கள். புளியும் காய்ந்த கறிவேப்பிலையும் எடுத்துப் போங்கள், எனக்கு அவை அங்கே கண்ணில் படவில்லை. இட்லிப் பாத்திரம் உங்கள் விருப்பம். குக்கர் கட்டாயம். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக வெகுநேரம் ஆகும். கேஸ்கட் மூன்றாகப் போடுங்கள். நான் ஒன்றோடு போய், கடைசி ஒரு வருடம் துணியைச் சுற்றி மூடினேன்.