முட்டி வலி இருக்கிற அம்மாவோட ரோண்டா போறீங்களா? மேப்பைப் பார்த்து பிளான் போடாதீங்க

அக்டோபர்ல ஸ்பெயின் போற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: மலகாவுல தங்குறோம், அங்கேருந்து ரோண்டாவை (ஆழமான பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும், நடுவுல ஒரு பாலத்தோட இருக்கிற பழைய மலை ஊர்) ஒரே நாள்ல பார்த்துட்டு திரும்பிடலாமா, அம்மாவுக்கு 66 வயசு, முட்டி வலி, படி இறங்க ரொம்ப கஷ்டப்படுவாங்க, பக்கத்துல வேற என்ன பழைய இடங்களை சேர்த்துக்கலாம்?

ஒரே நாள் வேண்டாங்க. ரெண்டு ராத்திரி ரோண்டாவுலயே தங்குங்க. மலகாவுலேர்ந்து பஸ்ல போகவே ரெண்டு மணி நேரம் கிட்ட ஆயிடும், நீங்க போய் இறங்குற நேரம் பார்த்து கடற்கரை ஊர்கள்லேர்ந்து டூர் பஸ் எல்லாம் வந்து ஆளுங்களை இறக்கும், அந்த நெரிசல்ல அம்மாவை இழுத்துக்கிட்டு ஓடறது அவங்களுக்கு தண்டனை மாதிரிதான். சாயங்காலம் பஸ் எல்லாம் கிளம்பினதும் ஊர் அமைதியாயிடும், மறுநாள் காலைலயும் பாலத்து மேல நிதானமா நின்னு பார்க்கலாம், அந்த பாறைச் சுவர்ல கூடு கட்டியிருக்கிற சிவப்பு மூக்கு காக்காங்க நம்ம காலுக்குக் கீழே பறக்கறதை அப்போதான் நல்லா கவனிக்க முடியும்.

மேப்ல எல்லாமே பத்து நிமிஷ நடைதான்னு காட்டும், நம்பாதீங்க. 700 மீட்டருக்கு மேல உயரத்துல பாறை உச்சில இருக்கிற ஊர், நடுவுல குவாதலெவின் ஆறு மலையை ரெண்டா வெட்டியிருக்கு. அதனால மட்டமா இருக்கிற இடத்தை நடந்து பாருங்க, பள்ளத்துல இருக்கிறதுக்கு டாக்ஸி வச்சுக்கோங்க. ஏறறதை விட இறங்கறதுதான் முட்டியை வாட்டும், அதுலயும் கல்லு பாவின தெரு, தேஞ்சு வழவழன்னு இருக்கும், மழை பெஞ்சா வழுக்கும், ரப்பர் சோல் ஷூ இல்லாம கூட்டிட்டுப் போகாதீங்க.

முதல் நாள் காலைல புதுப்பாலம். பேருதான் புதுசு, 1793ல கட்டி முடிச்சது, 98 மீட்டர் உயரம். இதுக்கு முன்னாடி அதே இடத்துல அவசரமா ஒரு பாலம் கட்டினாங்க, அது 1741ல இடிஞ்சு விழுந்து சுமார் 50 பேர் செத்துட்டாங்க, அதுக்கப்புறம்தான் 1751ல மறுபடி ஆரம்பிச்சு, இந்த தடவை பள்ளத்தோட அடிவாரத்துலேர்ந்தே கல்லு கல்லா அடுக்கி நாப்பது வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டாங்க. போட்டோல வர்ற அந்த முழுப் பாலத்தை கீழேருந்து பார்க்கணும்னா மரியா ஆக்ஸிலியாதோரா சதுக்கத்துலேர்ந்து ஒரு செங்குத்தான பாதை இறங்குது. அம்மாவை மேல பெஞ்ச்ல உட்கார வச்சுட்டு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. அவங்களுக்கு அலமேதா பூங்கா போதும், முழுக்க மட்டம், பள்ளத்தாக்கு மொத்தமும் அங்கேருந்தே தெரியும். 1785ல திறந்த காளைச்சண்டை அரங்கம் அதுக்கு பக்கத்துலதான், சண்டை பிடிக்காதவங்களும் அந்த ரெண்டு அடுக்கு கல்தூண் வரிசைக்காக ஒரு தடவை பார்க்கலாம்.

நான் நிச்சயமா விடாதீங்கன்னு சொல்றது பள்ளத்துல இருக்கிற அரபுக் குளியல் மண்டபம், 13-14ஆம் நூற்றாண்டு, ஸ்பெயின்ல இவ்ளோ முழுசா மிஞ்சினது ரொம்ப கம்மி. பக்கத்துல வரைக்கும் கார் போகும், டாக்ஸில இறங்கி பார்த்துட்டு டாக்ஸிலயே மேல வந்துடுங்க. நடு அறைல நின்னு அண்ணாந்து பாருங்க, செங்கல் வளைவுக் கூரைல நட்சத்திர வடிவத்துல ஓட்டை ஓட்டையா வெட்டி விட்டிருப்பாங்க, அந்த வெளிச்சம் தரைல விழுந்து நேரமாக ஆக நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதோட வந்துடாதீங்க, வெளியே ஒரு கோபுரம் இருக்கு, அந்தக் காலத்துல கழுதை சுத்திச் சுத்தி நடந்து அங்கதான் தண்ணியை மேல ஏத்தும், அங்கேருந்து சின்ன கால்வாய் வழியா தண்ணி உள்ளே போகும், கடைசி அறைக்கு பின்னாடி அடுப்பு. தண்ணி எப்படி வந்துச்சு எப்படி சூடாச்சுங்கறதை முழுசா கண்ணால பார்க்க முடியுற இடம் இது.

மூர் ராஜா வீடுன்னு ஒண்ணு சொல்லுவாங்க (மூர்னா முன்னாடி இந்தப் பகுதியை ஆண்ட முஸ்லிம்கள்), அங்க பாறைக்குள்ள குடைஞ்ச படி ஆறு வரைக்கும் இறங்குது, முற்றுகை காலத்துல ஊருக்கு தண்ணி ஏத்தின வழி, 1485ல கிறிஸ்துவப் படை ஊரைப் பிடிச்சப்போ இந்த தண்ணியை அடைச்சதுதான் பெரிய அடி. அற்புதமான இடம், ஆனா ஈரம், இருட்டு, உயரம் உயரமா படி. அம்மாவுக்கு கண்டிப்பா வேண்டாம்.

ரெண்டாவது நாள் கார் எடுங்க. அசினிப்போ சுமார் 20 கிலோமீட்டர், கைவிடப்பட்ட ரோமானிய ஊர், மலைச்சரிவுல குடைஞ்ச நாடக அரங்கமும் அதோட மேடைச் சுவரும் இன்னும் நிக்குது, மத்ததெல்லாம் கல்லுக் குவியல். திறக்குற நேரம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால ரோண்டா டூரிஸ்ட் ஆபீஸ்ல கேட்டுட்டு கிளம்புங்க, காத்து பலமா அடிக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. அப்படியே செட்டெனில் போயிடலாம், பெரிய பாறைக்கு அடியில வீடும் கடையும் வரிசையா இருக்கிற ஊர், பாறைதான் கூரை. பார்க்கிங் மேல இருந்தா அம்மாவை முதல்ல கீழ் தெருவுல இறக்கி விட்டுட்டு அப்புறம் வண்டியை நிறுத்துங்க.

பெனாவோஹான் பக்கத்துல பிலேத்தா குகை இருக்கு, 1905ல ஒரு விவசாயி உரத்துக்கு வவ்வால் எச்சம் தேடி இறங்கினப்போ கண்டுபிடிச்சது, உள்ளே 20,000 வருஷத்துக்கு மேல பழைய ஓவியங்கள், போட்டோ எடுக்க விடமாட்டாங்க, சின்ன குழுவா விளக்கைக் கொடுத்து கூட்டிட்டுப் போவாங்க. முன்பதிவு அவசியம். உள்ளே வழுக்குற படி நிறைய, அதனால நீங்க தனியா போறதா இருந்தா மட்டும் வச்சுக்கோங்க.

சாப்பாடு விஷயத்தையும் கவனிங்க, மதியம் ஒன்றரைக்கு முன்னாடியும் ராத்திரி எட்டரைக்கு முன்னாடியும் பல ஓட்டல்ல கிச்சன் திறக்காது. அம்மா நேரத்துக்கு மாத்திரை போடறவங்களா இருந்தா கைல பழமும் பிரெட்டும் வச்சுக்கோங்க. சைவம்னா கரும்புப்பாகு ஊத்தின கத்திரிக்காய் வறுவல் கேளுங்க, சால்மொரேஹோங்கற குளிர்ந்த தக்காளி சூப் ஆர்டர் பண்ணும்போது மேல பன்றி இறைச்சியும் முட்டையும் தூவ வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.